ஒரே குப்பியில் மூன்று பேர்

ஜனவரி 22, திங்கள்

டாக்டர் நூர்ஜஹான் என்னை எழுதச் சொன்னது சாப்பிட்டதை மட்டும். நான்கு மாதத்துக்கு ஒரு வேளை விடாமல் எழுதிக் காட்ட வேண்டுமாம். கடைப் பெயர் போட்ட டைரிகள் இந்த வருடம் நாற்பது மிஞ்சிவிட்டன. அதில் ஒன்றை எடுத்தேன். அட்டையில் "மயிலாத்தாள் நெய், மணல் மணலாக உறையும்" என்று பொன்னெழுத்தில் இருக்கிறது. கொழுப்பைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான நோட்டு ஈரோட்டில் கிடைக்காது.

எல்லாம் வணிகர் சங்கத்தில் நடந்த இலவச ரத்தப் பரிசோதனையால் வந்தது. இலவசம் என்றால் கையை நீட்டிவிடுவேன். அன்றைக்குப் பார்த்து ஊசி குத்திவிட்டார்கள். கொலஸ்ட்ரால் 398. கருவியில் கோளாறு என்று இரண்டாம் தடவை பார்த்தார்கள். 401. மூன்றாம் தடவை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், போகிற போக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

காலை: இட்லி மூன்று.
மதியம்: சோறு, ரசம், கீரை.
இரவு: சப்பாத்தி இரண்டு.
நெய்: பதினொரு தடவை. இது சாப்பாட்டில் சேராது, தொழில். ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் ஒரு டின்னையும் நான் மூடியதில்லை.

ஜனவரி 24, புதன்

காலை: ஓட்ஸ் கஞ்சி. நெய்க்கடைக்காரி ஓட்ஸ் வாங்குவதை நாலு பேர் பார்த்தால் வியாபாரம் என்ன ஆவது? வீட்டுக்காரரை அனுப்பி வாங்கினேன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எதைக் கேட்டாலும் சில்லறை கொடுப்பது போல எண்ணித்தான் பேசுவார்.

டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் முட்டிகளின் மேல் மொச்சைக்கொட்டை மாதிரி கட்டிகள் இருக்கின்றன.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

"கல்யாணத்துக்கு முன்னாலருந்தே இருக்குதுங்க. எங்க வகையறாவுக்கே உண்டு. காசு முட்டுன்னுதான் பேரு. இது இருக்கிற கையில பணம் தங்கும்னு சொல்லுவாங்க."

"தங்கியிருக்கிறது கொழுப்பும்மா. அப்பா இருக்காரா?"

"சந்தையில தராசு புடிச்சுட்டு நின்னவரு அப்படியே உளுந்துட்டாருங்க. நாப்பத்திரண்டு வயசு. வாயுன்னாங்க."

"அவரு கூடப் பொறந்தவங்க?"

"பெரியப்பா முப்பத்தொம்போதுல. அவருக்கும் வாயுதானுங்க."

டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு தாளில் கல்லீரலை வரைந்தார், கத்தரிக்காய் மாதிரி இருந்தது. விஷயம் இதுதான். ரத்தத்தில் கொழுப்பு சின்னச் சின்ன மூட்டைகளாகப் போய்க்கொண்டே இருக்கிறது. கல்லீரலின் வாசலில் கொக்கி மாதிரி ஒரு புரதம் நிற்கிறது. அது மூட்டையைக் கொக்கி போட்டுப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கொக்கியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு ஒரு மரபணுவில் எழுதியிருக்கிறது. ஆளுக்கு இரண்டு பிரதி, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஒன்று கெட்டுப்போயிருந்தால் பாதிக் கொக்கிதான் தேறும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. குடோன் வாசலில் லோடுமேன்களில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. லாரி இறக்க ஆள் இல்லாமல் ரோடு முழுக்க நிற்கிறது. அப்புறம் ரோடு அடைக்காமல் என்ன செய்யும்?

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை போட்டா, மிச்சம் இருக்கிற நல்ல பிரதியை வெச்சு உடம்பு இன்னும் கொஞ்சம் லோடுமேனை வேலைக்கு எடுக்கும். அதுக்கு முன்னாடி உங்களுக்கு இது மரபணுவால வந்ததான்னு பார்க்கணும்."

ரத்தம் கொடுத்தேன். எழுந்திருக்கும்போது சும்மா கேட்டார்.

"பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"வைகாசியிலங்க."

"பொண்ணு எந்த ஊர்?"

"சொந்தந்தானுங்க. தம்பி மக."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "உக்காருங்கம்மா" என்றார். எங்கள் கடையில் நான் ஒரு ஆளை உட்காரச் சொன்னால், அவர் சரக்கைத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று அர்த்தம்.

ஒரு பிரதி கெட்டிருந்தால் மாத்திரையில் சமாளிக்கலாம். பையனுக்கும் ஒன்று கெட்டு, பெண்ணுக்கும் அதே ஒன்று கெட்டு இருந்தால், பிறக்கிற குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டும் கெட்டதாக வந்து சேரும். அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நெஞ்சு அடைக்குமாம்.

நான் விடவில்லை. "எங்க தொழில்ல ஒரு லாட்டு வெண்ணெ வாசனை கம்மியா வந்தா நல்ல லாட்டோட சேத்துக் காய்ச்சிச் சரிக்கட்டிருவோமுங்க. எங்க வீட்டுக்காரரு வகையில எல்லாரும் தொண்ணூறு வயசு. கலந்ததுல பையனுக்குப் பாதி கொறஞ்சிருக்காதுங்களா?"

"இது கலக்காதும்மா. உங்க கையில ரெண்டு சீட்டு. அதுல ஒண்ணைத்தான் பையனுக்குக் கொடுத்திருக்கீங்க. நல்ல சீட்டா கெட்ட சீட்டான்னு பிரிச்சாத்தான் தெரியும்."

மதியம்: சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் "ஏன்?" என்றார். "ஓட்ஸ்" என்றேன்.

பிப்ரவரி 12, திங்கள்

முடிவு வந்துவிட்டது. எனக்கு இருக்கிறது. பத்தொன்பதாம் குரோமோசோமில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். ஐம்பத்தாறு வருடமாகத் தப்பு எழுத்தோடு வியாபாரம் செய்திருக்கிறேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மகன் நவநீதன், தம்பி நாச்சிமுத்து, தம்பி மகள் மிருதுளா மூன்று பேரும் பார்க்க வேண்டும். ஊசி வேண்டாம், எச்சில் போதும். ஆளுக்கு ஒன்றாக மூன்று குப்பி கொடுத்தார்கள். விவரம் சொல்லிக் கையெழுத்தும் வாங்க வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்.

தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது? நான் வெண்ணெய் வாங்கி விற்க ஆரம்பித்தபோது அவன் எட்டாவது. படிப்பை விட்டுவிட்டு, சைக்கிளின் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டிக்கொண்டு பெருந்துறைக்கும் ஈரோட்டுக்கும் மிதித்தவன். மிருதுளா பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலேயே பேச்சு முடிந்துவிட்டது, அவள் என் வீட்டுக்குத்தான் என்று. இப்போது போய் உன் ரத்தத்தில் கோளாறு இருக்கிறதா பார்க்கிறேன் என்றால், அக்காவுக்குப் பெரிய இடம் கிடைத்துவிட்டது, சாக்குச் சொல்கிறாள் என்று நினைப்பான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பெருந்துறை போனேன். மிருதுளாவும் வந்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் வேலை. நவநீதனும் கூட வந்தான். அவனிடம் மட்டும் காரில் வரும்போது உண்மையைச் சொல்லியிருந்தேன். வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தான்.

தம்பியிடம் இன்சூரன்ஸ் என்றேன்.

"துப்புனா இன்சூரன்ஸாக்கா?"

"புதுத் திட்டம்டா. கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு குடும்பமும் துப்பணுமாம்."

"எச்சில வெளிய குடுக்கக் கூடாதுக்கா. கொண்டுபோயி எவனாவது செய்வினை வெச்சுப்போட்டான்னா?"

"உன்ர எச்சில வெச்சு எவன்டா செய்வினை செய்வான்? ரெண்டு பழைய டெம்போ வெச்சிருக்கற. அவனுக்குக் கூலி கட்டுமா?"

தம்பி மனைவி பூவாத்தாள் சமையற்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "குடுங்க. கேக்கறது அண்ணிதானே. ரோடெல்லாம் துப்புறீங்க, ஒரு குப்பியில துப்பறதுக்கு என்னவாம்?"

துப்பினான். முதலில் வெற்றிலைச் சாற்றோடு. வாய் கொப்புளிக்க வைத்து மறுபடியும் துப்ப வைத்தேன். மிருதுளா குப்பியின் மேல் இருந்த எழுத்தை ஒரு தடவை படித்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், ஒன்றும் பேசாமல் துப்பிக் கொடுத்தாள். அடக்கமான பெண்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். தொழிலில் முப்பத்தைந்து வருடமாகச் செய்வதுதான். இருபது டின் வெண்ணெய் வந்தால் இருபதையும் தனித்தனியாகச் சோதிக்க மாட்டோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ஒன்றாக உருக்கி, அந்தக் கூட்டுச் சாம்பிளைப் பார்ப்போம். அது தேறினால் இருபதும் தேறின. தேறாவிட்டால்தான் ஒவ்வொரு டின்னாகத் திறப்பது. மூன்று பேர் எச்சிலையும் ஒரே குப்பியில் ஊற்றி, என் கைப்பட மூடி, கையெழுத்தும் மூன்று பேருக்கும் நானே போட்டு அனுப்பினேன். சுத்தமாக வந்துவிட்டால் ஒருவருக்கும் சொல்லவே வேண்டாம்.

இரவு: கம்பங்கூழ். இரண்டு மோர் மிளகாய். நெய் ஏழு தடவை (தொழில்).

மார்ச் 6, புதன்

டாக்டரம்மா போன் செய்தார். பேச ஆரம்பிப்பார், சிரிப்பு வந்துவிடும், நிறுத்திவிடுவார். மறுபடியும் ஆரம்பிப்பார்.

"லேபிலேர்ந்து எழுதியிருக்காங்கம்மா. இந்த மாதிரியில ஒண்ணுக்கு மேற்பட்ட மனிதர்கள் இருக்காங்களாம்."

"மூணு பேருங்க. எண்ணிச் சொன்னாங்களா, இல்ல குத்துமதிப்பாங்களா?"

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கையெழுத்து விஷயத்துக்கு நன்றாகத் திட்டினார். யோசனையில் தப்பில்லை, ஆனால் மனிதர்களை டின் மாதிரி நினைத்துக்கொண்டு செய்யக் கூடாது என்றார். எனக்குத் திட்டு விழுந்து இருபது வருடம் ஆகிறது. உணவுத் துறை ஆய்வாளர்கூட என்னிடம் தணிந்துதான் பேசுவார்.

மார்ச் 10, ஞாயிறு

மிருதுளா தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"அத்தை, அது இன்சூரன்ஸ் குப்பி இல்லதானே?"

"ஏங்கண்ணு அப்படிக் கேக்கறே?"

"அதுல மரபணுச் சோதனைன்னு கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு வாரமாப் பாத்துட்டிருந்தேன்."

சொன்னேன். கோபித்துக்கொண்டாள். "எங்கிட்டச் சொல்லாம என்ர எச்சில எடுத்திருக்கறீங்க. என்ர கையெழுத்தையும் போட்டிருக்கறீங்க. நாளைக்கு உங்க நெய்யி லேபிள ஒருத்தன் அடிச்சு ஒட்டுனா விடுவீங்களா?"

விடமாட்டேன். கை காலை ஒடித்துவிடுவேன். அதையே சொன்னேன். "தப்புத்தான் கண்ணு" என்றும் சொன்னேன். ஆத்திரத்தில் இருக்கிற கொள்முதல்காரரிடம் சொல்வதுதான், ஆனால் இந்தத் தடவை மனதாரச் சொன்னேன்.

அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கிறது. தம்பியின் கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கிறது. ஐம்பது வயதுக்குள் அது வந்தால் கொழுப்பைப் பார் என்று படித்திருக்கிறாளாம். "அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். ஒழுங்கா விவரஞ் சொல்லி, மூணு குப்பி வாங்கி, நானே அனுப்பறேன்" என்றாள். அதன் பிறகு சகஜமாகிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குஷியாகவே ஆகிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். நவநீதனும் அவளும் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேச்சு என்றேன். "மரபணு" என்றான். இந்தக் காலத்தில் காதலர்கள் என்னென்னவோ பேசுகிறார்கள்.

மார்ச் 21, வியாழன்

தம்பியும் துப்பிக் கொடுத்துவிட்டான், இந்தத் தடவை வெற்றிலை இல்லாமல். மூன்று குப்பிகளும் போய்விட்டன. தம்பிக்குச் சாதாரண ரத்தப் பரிசோதனையும் பார்த்தார்கள். 372. அவனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. போன் செய்து, "உனக்கு எவ்வளவுக்கா?" என்றான். சொன்னேன். "எப்பவும் நீதான் ஒரு படி மேல" என்றான்.

நவநீதன் ராத்திரி பகல் பாராமல் இதையே படிக்கிறான், பாவம். சாப்பிடும்போது கேட்டான்.

"அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் இருந்துச்சுன்னா கல்யாணம் வேண்டாம்னுதான டாக்டரு சொல்லுவாங்க?"

"வேண்டாங்க மாட்டாங்க. யோசிச்சுச் செய்யச் சொல்லுவாங்க."

"கண்டிப்பா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களா?"

முகம் வாடிவிட்டது. எவ்வளவு கவலை பாருங்கள். "பயப்படாத சாமி, உனக்கு ஒண்ணும் இருக்காது" என்று தட்டிக் கொடுத்தேன். அதற்கு அப்புறம் அவன் சாப்பிடவே இல்லை.

மார்ச் 29, வெள்ளி

மண்டபக்காரர் சமையல் பட்டியல் கேட்டு வந்தார். மைசூர்பாகு நம் நெய்யில்.

மிருதுளா மரபணு பற்றி நவநீதனுக்கு ஒரு நாளைக்குப் பத்து தாளாவது செல்போனில் அனுப்புகிறாள். எதிலெல்லாம் சொந்தத்தில் கட்டக் கூடாது என்று போட்டிருக்கிறதோ அதையெல்லாம் எனக்கும் அனுப்புகிறான். எச்சரிக்கையான பிள்ளைகள்.

வீட்டுக்காரர் என் டைரியை எட்டிப் பார்த்தார். "எச்சரிக்கை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் அவருக்கு என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

முடிவு.

தம்பிக்கு இருக்கிறது. நவநீதனுக்கு இருக்கிறது. மிருதுளாவுக்கு இல்லை.

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். பெண்ணிடம் இரண்டு சீட்டும் நல்ல சீட்டு. குழந்தைக்கு இரண்டும் கெட்டதாக வர வழியே இல்லை. பையன் இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தேன்.

நான் வெண்ணெய் பார்ப்பவள். டின்னைத் திறக்கும்போது விற்க வந்தவன் டின்னைப் பார்க்கிறானா என்னைப் பார்க்கிறானா என்பதிலேயே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுவேன். நவநீதன் மிருதுளாவைப் பார்த்தான். மிருதுளா நவநீதனைப் பார்த்தாள். அதில் காதல் இல்லை. ஒரே பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேர் அப்படித்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

"நல்ல சேதிதானே?" என்றார் டாக்டரம்மா.

"ஆமாங்க" என்றார்கள் இரண்டு பேரும். எழவு வீட்டில் சொல்வது போல.

காலை, மதியம், இரவு: ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இவங்க ரெண்டு பேருக்கும் இஷ்டமில்லையா?"

"இல்லை."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"நிச்சயத்துலருந்து."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கல."

முப்பது வருடம் டிக்கெட் கேட்டவருக்கு மட்டுமே டிக்கெட் கொடுத்த மனிதர்.

பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதலில் மென்று விழுங்கினார்கள். பிறகு மடை திறந்தது.

"சின்னதுல ஒரே வாசல்ல வளந்தோம். இவளுக்கு மூக்கு ஒழுகறப்ப நாந்தாம்மா தொடச்சு விட்டேன். இப்பவும் இவ பட்டுச் சேலை கட்டிட்டு வந்து நின்னா எனக்கு அந்த மூக்குத்தான் ஞாபகம் வருது" என்றான் நவநீதன்.

"நிச்சயத்துல இவன் மோதிரம் போடறப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க அத்தை" என்றாள் மிருதுளா. "நீங்கெல்லாம் வெக்கப்படறேன்னு சொன்னீங்க."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"அப்பா உங்களுக்காக சைக்கிள் மிதிச்ச கதைய வாரத்துக்கு ஒருக்காச் சொல்லுவாரு. கதை முடியறப்பவெல்லாம் அதுக்குத்தான் உன்னைய அங்க குடுக்கறேன்னு முடிப்பாரு. அதுக்கு நடுவுல நான் எங்கீங்க போயிச் சொல்றது?"

பிறகு நவநீதன் மெல்ல இழுத்தான். "அம்மா... மாமா அந்த ரிப்போர்ட்டப் படிக்கப் போறதில்ல. எங்க ரெண்டு பேருக்குமே இருக்குதுன்னு நீங்க சொல்லிருங்க. ஒருத்தருக்கும் மனசு நோவாது. மரபணு மேல பழியப் போட்டா அது என்ன கேக்கவா போவுது?"

மிருதுளா தரையைப் பார்த்தாள். கையெழுத்துக்காக என்னோடு சண்டை பிடித்தவள். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உள்ளதை எழுதுகிறேன். நல்ல யோசனை. கைவசம் டாக்டர் இருக்கிறார், பெயர் வாயில் நுழையாத நோய் இருக்கிறது. தம்பி என்னை ஒரு குறை சொல்லமாட்டான். அவனே எனக்கு ஆறுதல் சொல்லுவான்.

ஏப்ரல் 10, புதன்

டால்டா கலக்காமல் முப்பத்தைந்து வருடம் ஓட்டியாகிவிட்டது. இன்றைக்கு நாள் முழுக்க ஒரு சொட்டு நெய்கூட வாயில் வைக்கவில்லை. ருசி தெரியாது என்று தெரிந்தே வைக்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

பெருந்துறை போனேன். பொய்யோடுதான் போனேன். காரில் நாலு தடவை சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன்.

தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். மூன்று வாரமாக மாத்திரையைத் தவறாமல் போடுகிறானாம், பலகாரம் கிடையாதாம், விடிகாலையில் பைபாஸ் வரைக்கும் நடக்கிறானாம். "எனக்கு இருக்குதுன்னா எம் மவளுக்கும் இருக்குமேன்னு ஒறக்கமே இல்லக்கா" என்றான். "என்ன வந்துச்சு? சொல்லு."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் மகளுக்கு நோய் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"உன்ர மவ சுத்தம்டா. ஒண்ணுமில்ல. நூத்துக்கு நூறு."

அப்படியே திண்டில் சாய்ந்துவிட்டான். பூவாத்தாள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தச் சூட்டோடு மீதியையும் சொல்லிவிட்டேன்.

"ஆனா பிள்ளைகளுக்கு மனசில்ல. ரெண்டுக்கும். எம் மவன் மேலயும் தப்பில்ல, உன்ர மவ மேலயும் தப்பில்ல. எனக்கு முந்தாநாள்தான் தெரிஞ்சுது."

தம்பி விரல் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தான். திட்டுவான், எழுந்து போவான், சைக்கிளைச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். கடைசியில், "எனக்குத் தெரியுங்க்கா" என்றான்.

"என்னடா தெரியும்?"

"புள்ள மொகத்தப் பாத்தாத் தெரியாதா? நிச்சயம் ஆனதுலருந்து வீட்டுக்கு வந்தாலே பித்துப் புடிச்சாப்ல உக்காந்திருக்கா. நீ வாய்விட்டுக் கேட்டுட்டயேன்னுதான் பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்."

"நான் எப்படா கேட்டேன்? நீதானே ஆஸ்பத்திரியில கொண்டாந்து எங் கையில குடுத்து, உன்ர மருமகளப் புடின்னே?"

"நான் புடின்னுதாஞ் சொன்னேன். டீ வாங்கப் போவணும், புள்ளயக் கொஞ்சம் புடின்னேன். மருமகளா எடுத்துக்கறேன்னது நீ."

"டேய், மருமகளுன்னு மொதல்ல சொன்னது நீ."

"அத்தைக்கு மருமவதானேக்கா அது? வேற என்னான்னு சொல்றது?"

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் டீ வாங்கப் போனவன் எதை நினைத்துக்கொண்டு போனான் என்று யார் சாட்சி சொல்வது? பூவாத்தாளைக் கேட்டோம். "நான் வலியில கெடந்தேன். ரெண்டு பேரும் அப்பவும் இப்படித்தான் சத்தம் போட்டுட்டிருந்தீங்க" என்றாள்.

யாருமே கேட்காமல் ஒரு கல்யாணம் மண்டபம் வரைக்கும் போயிருக்கிறது. கிளம்பும்போது தம்பி கார் வரைக்கும் வந்தான்.

"அக்கா, கல்யாணம் இல்லீன்னா நான் அந்த மாத்திரைய இன்னும் போடோணுமா?"

"சாவற வரைக்கும் போடோணும்."

"பத்தியம்?"

"அதுவும்."

"அப்ப எனக்கு என்னதாங்க்கா மிச்சம்?" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும்தான். துடைத்துவிட்டு, மண்டபத்தை என்ன செய்வது என்று இரண்டு பேரும் யோசித்தோம். வைகாசி முகூர்த்த நாள், சமையல்காரர், வகையறா முழுக்கப் பத்திரிகை, எல்லாம் கொடுத்தாகிவிட்டது.

ஏப்ரல் 15, திங்கள்

டாக்டரம்மாவிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் வகையறாவில் வாயுவால் செத்தவர்களை எண்ணினால் பதினான்கு பேர். அவர்கள் பெற்ற பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லாம் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் கூடப் போகிறார்கள். சாப்பாடும் தயார். நீங்கள் ஊசியோடு வாருங்கள்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். காசு முட்டின் மேலேயே.

"தனித்தனிக் குப்பிதானேம்மா?" என்றார்.

மே 26, ஞாயிறு

பத்திரிகை கொடுத்த வீட்டுக்கெல்லாம் நானும் தம்பியும் போன் போட்டோம். கல்யாணம் இல்லை, ஆனால் கட்டாயம் வாருங்கள் என்று. காரணம் கேட்கவாவது எல்லோரும் வந்துவிட்டார்கள்.

மண்டப வாசலில், பன்னீர் தெளிக்கிற இடத்தில், நவநீதனும் மிருதுளாவும் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டார்கள். இந்தக் கல்யாணம் பேசியதிலிருந்து அவர்கள் இவ்வளவு சந்தோஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டாக்டரம்மா விவரம் சொல்லி, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ஊசி என்றதும் நாலு பேர் பின்கட்டு வழியாக நழுவப் பார்த்தார்கள். இவர்களுக்கு நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். ரத்தம் கொடுத்தால் ஒரு சீட்டு. சீட்டைக் காட்டினால்தான் பந்தியில் இலை. பந்திக் கதவில் தம்பியை நிறுத்தியிருந்தேன். அவன் பூவாத்தாளையே சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினான்.

"நான் வேற வகையறாங்க! எனக்கெதுக்கு?" என்றாள் அவள்.

"ரூல்ஸுன்னா ரூல்ஸு. போ."

எண்பத்தொன்பது பேர் கொடுத்தார்கள். அளவு ஏறியவர்கள் இருபத்தோரு பேர். முப்பத்தொன்பதில் போன பெரியப்பாவின் கொள்ளுப்பேரன், ஒன்பது வயது, அவனுக்கு 310. அவனுடைய அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். "இப்பவே தெரிஞ்சது பாக்கியம். இவன் எண்பது வயசு வரைக்கும் இருந்து உங்களையெல்லாம் திட்டுவான்" என்றார் டாக்டரம்மா. பையன் ஊசிக்குக்கூட அழாதவன், மைசூர்பாகு கூடாது என்றதும் மண்டபம் அதிர அழுதான்.

கடைசியாகச் சேலத்து மாமா வந்து சேர்ந்தார். என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். செல்போன் வைத்துக்கொள்ளாத மனிதர், ஆகையால் கல்யாணம் நின்ற விஷயம் தெரியாது. பட்டு வேட்டி, தோளில் துண்டு. வாசலில் ஜோடியாக உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார், மடியிலிருந்த அரிசியை எடுத்துத் தலை நிறைய அட்சதை போட்டுவிட்டார். நவநீதன் பேனாவோடு மேசைக்கு அடியில் குனிந்துவிட்டான்.

"தாத்தா, கல்யாணம் இல்லீங்க" என்றாள் மிருதுளா, கூந்தலிலிருந்து அரிசியைத் தட்டிக்கொண்டே.

"பொறவு எதுக்கு ஜோடியா வாசல்ல உக்காந்திருக்கறீங்க?"

"ரத்தம் எடுக்கறதுக்குங்க."

மாமா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வாழை மரம், தோரணம், வரிசையில் நிற்கிற சொந்தக்காரர்கள், எல்லோர் கையிலும் பஞ்சு. "நம்ம காலத்துல இந்தச் சடங்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.